பிலாட்டிஸ் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க எதைப் பார்ப்பது? 30 வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் கேட்கிறேன்

செங்காங்வாசி | செவ்வாய், இரவு 10.14

எல்லாருக்கும் வணக்கம். வயது 43, கணக்கர் வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலியில்தான். இரண்டு வருடமாகக் கீழ்முதுகில் வலி. பலதுறை மருந்தகத்தில் பார்த்தார்கள், எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி பிலாட்டிஸ் போகச் சொன்னாள், மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகுத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி முறையாம்.

போன சனிக்கிழமை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் டிரையல் வகுப்புக்குப் போனேன். பத்து ரிஃபார்மர் (ஸ்பிரிங் மாட்டிய, மேடை முன்னும் பின்னும் நகரும் படுக்கை மாதிரிக் கருவி), பத்துப் பேர். ஆசிரியை சிரித்த முகம், உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறது. ஆனால் 50 நிமிடத்தில் என் பக்கம் ஒரே ஒரு தடவைதான் வந்தார், அதுவும் ஸ்பிரிங் மாற்ற. முதுகு வலி இருக்கிறது என்று படிவத்தில் எழுதியிருந்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கவுண்டரில், இன்றைக்கே கட்டினால் 30 வகுப்பு 900 வெள்ளி, நாளைக்கு என்றால் 1,200 என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சலுகையை விட்டுவிட்டோமோ என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. மறுநாள் காலையில் முதுகு கொஞ்சம் பிடித்துக்கொண்டது. வகுப்பால் வந்ததா, பழக்கமில்லாத உடம்பு அப்படித்தான் செய்யுமா, தெரியவில்லை.

இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஈசூன் அக்கா | செவ்வாய், இரவு 11.02

தங்கச்சி, கட்டாமல் வந்தது நல்லது. நான் ஆறு வருடமாகப் போகிறேன், இப்போது மூன்றாவது ஆசிரியை. என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். வகுப்பு நடக்கும்போது அவருடைய கண் எங்கே இருக்கிறது?

என் முதல் ஆசிரியை முழு வகுப்பையும் எங்களோடு சேர்ந்து செய்வார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவரும் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தால், என் கழுத்து என்ன பாடு படுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'ஹண்ட்ரட்' என்று ஒரு பயிற்சி இருக்கிறது. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கி, காலை நீட்டி உயர்த்தி, கையை மேலும் கீழும் நூறு தடவை அசைக்க வேண்டும். ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சு உள்ளே, ஐந்துக்கு வெளியே. எட்டு மாதம் அதைக் கழுத்து வலியோடு செய்தேன். பயிற்சி என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆசிரியையிடம் போன முதல் நாள், முப்பது எண்ணுவதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார். "அக்கா, தலையைக் கீழே வைங்க. முட்டியை மடக்கிக்கோங்க. இப்போ உங்க கையை உங்க வயிற்று மேல வைங்க" என்றார். வைத்தேன். மூச்சை விட்டுக்கொண்டே தலையைத் தூக்கச் சொன்னார். வயிறு உள்ளே போகாமல் கூடாரம் போட்ட மாதிரி நடுவில் எழும்பியது. "இது எழும்பாம எவ்வளவு தூரம் தூக்க முடியுதோ, இன்னைக்கு அவ்வளவுதான் உங்க பயிற்சி" என்றார். அன்றைக்கு நான் தூக்கியது இரண்டு விரல் அளவு உயரம். ஆனால் எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கழுத்து வலிக்காமல் வயிறு வேலை செய்தது.

அதனால் ஆசிரியை எவ்வளவு வளைகிறார் என்பதைப் பார்க்காதீர்கள். நம் உடம்பைப் பார்த்து, இன்றைக்கு நமக்கு எது போதும் என்று சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள்.

பிசியோ பக்கம் | புதன், காலை 7.20

நான் பிசியோவாக, அதாவது இயன்முறைச் சிகிச்சையாளராக, வேலை செய்கிறேன், பிலாட்டிஸும் சொல்லிக் கொடுக்கிறேன். அக்கா சொன்னதோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

செங்காங்வாசி, படிவத்தில் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. முதுகு வலி என்றால் நான் முதலில் கேட்பது, குனியும்போது வலிக்கிறதா, நிமிரும்போதா? உட்கார்ந்திருந்தால் கூடுகிறதா, நின்றால் கூடுகிறதா? காலுக்கு இறங்குகிறதா? குனிந்தால் வலிக்கிறவருக்கு முதுகை உருட்டி மடக்கும் பயிற்சிகளை ஆரம்பத்தில் தள்ளிவைப்பேன். பின்னால் வளைந்தால் வலிக்கிறவருக்கு, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் 'ஸ்வான்' மாதிரியான பயிற்சிகளைத் தள்ளிவைப்பேன். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு பேருக்கு ஒரே பயிற்சி எதிரெதிராக வேலை செய்யலாம். கேட்காமல் இது தெரியவே தெரியாது.

இன்னொன்று. இங்கே சிங்கப்பூரில் பிசியோக்கள் இணைச் சுகாதார நிபுணர் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும், 2011ல் வந்த சட்டம். பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பிலாட்டிஸ் ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, சரிபார்க்கும் வேலை நம் தலையில்தான் இருக்கிறது. ஓர் ஆசிரியர் "உங்களுக்கு டிஸ்க் விலகியிருக்கு, நான் சரி பண்ணிடறேன்" என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். நோயைக் கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை. "இது எனக்குப் பிடிபடல, ஒரு பிசியோகிட்ட காட்டிட்டு வாங்க" என்று சொல்கிறவரைத் தைரியமாக நம்பலாம்.

மறுநாள் பிடித்துக்கொண்டதற்கு: தசை வலி என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கிவிடும். வலி காலுக்குப் பாய்ந்தாலோ, கால் மரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தாலோ, இடுப்புக்குக் கீழே உட்காரும் இடம் மரத்தாலோ நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய துறைமுகம் | புதன், காலை 9.45

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வயது 61. நான்கு வருடத்துக்கு முன் நானும் மனைவியும் ஓர் இடத்தில் 60 வகுப்புக்கு 2,400 வெள்ளி கட்டினோம். 17 வகுப்பு முடிந்தது. ஒரு திங்கள்கிழமை போனால் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. 1,720 வெள்ளி போனது போனதுதான்.

கேஸ் என்கிற பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டேன், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போனேன். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எல்லாம் சரி. ஆனால் நிறுவனமே கலைப்பில் போய்விட்டால், முன்பணம் கட்டிய நாம் கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்கிறோம். நெட்ஸில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் போகும் முறையில், கட்டியதால் வங்கியிலும் வழி இல்லை. எங்களோடு வந்த ஒருவர் கடன் அட்டையில் கட்டியிருந்தார். உடனே வங்கிக்கு எழுதிக் கொஞ்சம் திரும்ப வாங்கிவிட்டார்.

இப்போது ஒரு தடவைக்குப் பத்து வகுப்புக்கு மேல் வாங்குவதில்லை. வகுப்புக்கு ஐந்தாறு வெள்ளி கூடத்தான் ஆகிறது, ஆகட்டும். இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை என்று நெருக்குகிற இடத்தில் நான் கட்டவே மாட்டேன், ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

செங்காங்வாசி | புதன், மதியம் 1.10

அங்கிள், படிக்கவே கஷ்டமாக இருந்தது. அந்த 900 வெள்ளி ஆசை இப்போது விட்டுப்போச்சு. நன்றி.

அக்கா, பிசியோ, இருவர் சொன்னதும் புரிகிறது. சான்றிதழ் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அந்த ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் எல்லா ஆசிரியர்களும் "சான்றிதழ் பெற்றவர்" என்றுதான் போட்டிருக்கிறது.

ஸ்பிரிங் | புதன், இரவு 8.33

நான் இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன், முடிக்க இன்னும் ஆறு மாதம் ஆகும். அதனால் இந்தக் கேள்விக்கு நானே வருகிறேன்.

பிலாட்டிஸ் என்பது ஓர் ஆளின் பெயர். ஜோசஃப் பிலாட்டிஸ், 1883ல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டனில் அகப்பட்டு மேன் தீவு முகாமில் அடைபட்டிருந்தார். பிறகு நியூயார்க் போய், மனைவி கிளாராவோடு ஸ்டூடியோ நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கான்ட்ராலஜி'. 1967ல் இறந்தார். பிலாட்டிஸ் என்ற பெயரை வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள ஒருவர் உரிமை கோரினார். 2000ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் அது பொதுப்பெயர், யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டது. அது நல்ல தீர்ப்புதான். ஆனால் அதனால்தான் 450 மணி நேரம் படித்தவரும் 'பிலாட்டிஸ் ஆசிரியர்', இரண்டு நாள் பட்டறை போனவரும் 'பிலாட்டிஸ் ஆசிரியர்'.

சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியது வேறு. எங்கே படித்தீர்கள்? பாய்ப் பயிற்சி மட்டுமா, எல்லாக் கருவிகளுமா? எத்தனை மணி நேரம்? ஸ்டாட், பாஸி, போல்ஸ்டார், பேலன்ஸ்டு பாடி என்று பல பள்ளிகள் உண்டு. முழுப் படிப்பு என்றால் பொதுவாக 450 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதில் உட்கார்ந்து கேட்பது கொஞ்சம்தான். மற்றவர் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெடுப்பது, நாமே செய்து பழகுவது, மேற்பார்வையில் சொல்லிக் கொடுப்பது, இதில்தான் மணிக்கணக்கு ஓடுகிறது. நான் இதுவரை 140 மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் முப்பது மணி நேரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, எல்லாரும் நன்றாகச் செய்கிற மாதிரிதான் இருந்தது. அறுபது எழுபதைத் தாண்டிய பிறகுதான், ஒருவர் கால் தள்ளும்போது ஒரு பக்க இடுப்பு மேலே ஏறுவது கண்ணில் பட ஆரம்பித்தது. ஈசூன் அக்கா சொல்கிற அந்தக் கண் இப்படித்தான் வருகிறது.

மல்லிப்பூ | புதன், இரவு 9.50

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எனக்கு இதுவரை வாய்த்ததில் மிக நல்ல ஆசிரியை சமூக மன்றத்தில் பாய் மட்டும் போட்டுச் சொல்லிக் கொடுத்த ஓர் அம்மா. பெரிய பள்ளிப் பெயர் எதுவும் அவரிடம் கிடையாது. ஆனால் இருபது வருடம் சொல்லிக் கொடுத்தவர். அப்போது எனக்கு இரண்டாவது குழந்தை அறுவை சிகிச்சையில் பிறந்து ஐந்து மாதம். முதல் நாளே தனியாகக் கூப்பிட்டு, "மருத்துவர் உடற்பயிற்சிக்குச் சரி சொல்லிட்டாரா? இருமினா, தும்மினா சிறுநீர் கசியுதா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை, கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. வயிற்றுத் தசை நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. மூன்று மாதம் எனக்கு மட்டும் வேறு பயிற்சிகள் கொடுத்தார்.

அதற்கு முன் நான் போன ஒரு பெயர்பெற்ற இடத்தில், எல்லாச் சான்றிதழும் சட்டம் போட்டு மாட்டிய ஆசிரியை, குழந்தை பிறந்த பத்தாவது வாரத்திலேயே என்னைத் தலையையும் தோளையும் தூக்க வைத்தார். குழந்தை பெற்றவள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சுவரில் தொங்குவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஸ்பிரிங் | புதன், இரவு 10.21

மல்லிப்பூ அக்கா, நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்கு இருபது வருடம் கொடுத்த கண் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. ஆனால் புதிதாகத் தேடுகிறவருக்கு அந்த இருபது வருடத்தை எப்படித் தெரியும்? படிப்பு என்பது குறைந்தபட்சம். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று வகுப்பில்தான் பார்க்க வேண்டும்.

பாய் வகுப்புக்கும் ரிஃபார்மருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாயில் தவறு செய்தால் பெரும்பாலும் பயிற்சி பலிக்காது, அவ்வளவுதான். ரிஃபார்மர் நகர்கிற கருவி, அதில் நகரும் மேடையை வண்டி என்போம். ஸ்பிரிங் குறைந்தால் சுலபம் என்று நினைப்போம். காலால் தள்ளும் பயிற்சிக்கு அது சரி. ஆனால் கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளும்போது, ஸ்பிரிங் குறையக் குறையக் கஷ்டம் கூடும். வண்டி ஓடிப்போகாமல் இழுத்துப் பிடிக்க நம் வயிறுதான் இருக்கிறது. பத்துப் பேருக்கும் ஒரே ஸ்பிரிங் போடச் சொல்லும் ஆசிரியர் இதை யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

மல்லிப்பூ | புதன், இரவு 10.40

சரி, குறைந்தபட்சம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ரிஃபார்மருக்கு நான் போனதில்லை, அது எனக்குத் தெரியாது.

கிளமெண்டி காற்று | வியாழன், காலை 8.05

நடுவில் ஒரு கேள்வி. ஆண்கள் போகலாமா? நான் பார்த்த வகுப்பு எல்லாவற்றிலும் பெண்கள்தான்.

பழைய துறைமுகம் | வியாழன், காலை 8.40

தம்பி, கண்டுபிடித்ததே ஓர் ஆண்தான். தைரியமாகப் போங்கள். என் வகுப்பில் ஆறு பேரில் இரண்டு பேர் ஆண்கள்.

செங்காங்வாசி | வியாழன், மதியம் 12.55

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு 68. எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். நான் போகும்போது தானும் வருகிறேன் என்கிறார். கூட்டிப் போகலாமா?

அப்புறம், தொட்டுத் திருத்துவது பற்றி. அம்மாவுக்கு யாராவது இடுப்பைத் தொட்டால் கூச்சம். அதை எப்படிச் சொல்வது?

பிசியோ பக்கம் | வியாழன், இரவு 9.15

அம்மா வரலாம். ஆனால் உங்கள் வகுப்பில் பக்கத்துப் படுக்கையில் வேண்டாம். எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைந்துபோவது) உள்ளவர்களுக்கு முதுகை முன்பக்கம் மடக்கிப் பாரம் ஏற்றுவது ஆபத்து. முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கி முறிவு வரலாம். படுத்த நிலையிலிருந்து உருண்டு எழும் 'ரோல் அப்', பந்து மாதிரி உருளுவது, கழுத்தில் பாரம் விழும்படி காலைத் தலைக்கு மேலே கொண்டுபோவது, இவை வேண்டாம். பாயில் செய்யும் பழைய பயிற்சிகளில் பாதிக்கு மேல் இப்படி மடக்குபவைதான், அதனால் பொது வகுப்பில் அம்மா பாதி நேரம் சும்மா இருக்க வேண்டி வரும். நின்று செய்வது, முதுகை நிமிர்த்தும் பயிற்சி, இடுப்பிலிருந்து குனியப் பழகுவது, விழாமல் நிலைதடுமாறாமல் நிற்பது, இவைதான் அவருக்கு வேண்டும். ஸ்கேன் அறிக்கையை எடுத்துப் போங்கள். "எலும்புப்புரை இருந்தா எதையெல்லாம் விட்டுடுவீங்க?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தயங்காமல் நான்கு பயிற்சியின் பெயர் சொன்னால் நல்லது. "எல்லாம் மெதுவா செஞ்சா ஒண்ணும் ஆகாது" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

தொடுவது பற்றி: கேட்டுவிட்டுத் தொடுவதுதான் முறை, ஒவ்வொரு தடவையும். வேண்டாம் என்றால் வாயாலேயே திருத்தத் தெரிய வேண்டும். அம்மா வெட்கப்பட வேண்டியதில்லை, முதலிலேயே "தொடாமச் சொல்லுங்க" என்றால் போதும்.

செங்காங்வாசி | திங்கள், இரவு 9.30

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டு இடம் போய்ப் பார்த்தேன். எழுதுகிறேன், பிறகு தேடுகிறவர்களுக்கும் உதவும்.

முதல் இடத்தில் ஆசிரியர் நன்றாகப் படித்தவர், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இடுப்பை நடுநிலையில் வைத்து, விலாவை இணைத்து, குறுக்கு வயிற்றுத் தசையை இயக்கி" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எதை முதலில் செய்வது என்று யோசிப்பதற்குள் அடுத்த பயிற்சி வந்துவிட்டது. வேறு யாருக்காவது அது பிடிக்கலாம்.

இரண்டாவது இடம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். நான்கு ரிஃபார்மர்தான். ஆசிரியைக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் பத்து நிமிடம் கருவியில் ஏற்றவே இல்லை. நடந்து காட்டச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், குனிந்து பென்சில் எடுக்கச் சொன்னார். நான் குனியும்போது வலிக்கிறது என்று சொல்வதற்கு முன் அவரே, "நாற்காலிலேர்ந்து எழும்பும்போது கையை ஊன்றி எழும்புறீங்க, எப்பவும் அப்படியா?" என்று கேட்டார். எனக்கே தெரியாது!

பிறகு ரிஃபார்மரில் நின்று செய்யும் ஒரு பயிற்சி காட்டினார், செய்ய விடவில்லை. ஏறுவது எப்படி என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அசையாத பலகையில் முதல் கால், நகரும் வண்டியில் இரண்டாவது கால். இறங்கும்போது நகரும் வண்டியிலிருந்து முதலில், அசையாத பலகையிலிருந்து கடைசியில். மூன்று தடவை ஏறி இறங்க வைத்தார். டிரையல் வகுப்புக்குப் போன ஸ்டூடியோவில் இதை யாரும் சொல்லவில்லை, அங்கே வண்டி வழுக்கி நான் பக்கத்துக் கம்பியைப் பிடித்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஸ்பிரிங் சொன்ன கேள்விகளையும் கேட்டேன். முழுப் படிப்பு, 2011ல் முடித்தவர். கருவியின் ஸ்பிரிங்குகளை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதும் ஒரு நோட்டை எடுத்துத் தேதியைக் காட்டினார். ஒரு வகுப்பு 55 வெள்ளி. பத்து வகுப்பு வாங்கினால் 500, ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்றிதழ் காட்டினால் நாள் நீட்டித் தருவார்கள். விதிமுறையைக் காகிதத்தில் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்றார். அங்கிள், கடன் அட்டையில்தான் கட்டினேன்.

ஈசூன் அக்கா | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, பென்சில் எடுக்கச் சொன்னார் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி. 55 வெள்ளி கூடத்தான். வாரம் இரண்டு போக முடியாவிட்டால் ஒன்று போங்கள், அவர் சொல்லிக் கொடுத்ததை வீட்டில் பாய் போட்டு இரண்டு நாள் செய்யுங்கள். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். அம்மாவைப் பற்றிக் கேட்டீர்களா?

செங்காங்வாசி | திங்கள், இரவு 10.18

கேட்டேன் அக்கா. எதையெல்லாம் விட்டுவிடுவீர்கள் என்றதும் ரோல் அப், உருளுவது, தலைக்கு மேலே கால், உட்கார்ந்து முறுக்கிக் குனிவது என்று வரிசையாகச் சொன்னார். அதோடு, "அம்மா இந்த ஒரு வருஷத்தில கீழே விழுந்தாங்களா?" என்று கேட்டார். போன மார்ச்சில் குளியலறையில் விழுந்ததைச் சொன்னேன். அப்படியானால் முதல் மூன்று வகுப்பு தனியாகத்தான், மருத்துவரிடமிருந்து ஒரு கடிதமும் வேண்டும் என்றார்.

பலதுறை மருந்தகத்தில் வியாழக்கிழமைக்கு முன்பதிவு கிடைத்திருக்கிறது. ஸ்கேன் அறிக்கையை அம்மா இப்போதே கைப்பையில் எடுத்து வைத்துவிட்டார்.